பழைய கார் செட்டில் கைப்பேசிப் பாட்டு: ராஸ்பெரி பை பொருத்துவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருகோணமலையில் ஓடும் கார்களிலும் வான்களிலும் பல ஜப்பானில் பாவித்து இங்கே வந்தவை. எஞ்சின் இன்னும் பல வருடம் உழைக்கும். ஆனால் செட் ஜப்பானிய மொழியில் பேசும்; புளூடூத் இருக்காது, இருந்தாலும் நமது கைப்பேசியுடன் ஒத்துப்போகாது. அந்தச் செட்டை மாற்றாமலேயே, ராஸ்பெரி பை என்ற சிறு கணினியை அதனுடன் சேர்த்து வயர் இல்லாமல் பாட்டுக் கேட்கலாம். உவர்மலை, நிலாவெளி, கிண்ணியா என்று எங்கிருந்து வருபவர்களும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதில் மென்பொருள் சின்ன வேலை. வண்டியிலிருந்து மின்சாரத்தை ஒழுங்காக எடுத்துக் கொடுப்பதுதான் பெரிய வேலை. பாட்டு நிற்பது, இரைச்சல் வருவது, மெமரி அட்டை பழுதாவது எல்லாம் பெரும்பாலும் அங்கே அவசரப்பட்டதன் விளைவுதான்.

அண்ணா, ராஸ்பெரி பை என்றால் என்ன? அதுவும் ஒரு ரேடியோவா?

ரேடியோ அல்ல, முழுமையான ஒரு கணினி. மாணவர்கள் நிரல் எழுதப் பழகட்டும் என்று 2012இல் பிரித்தானியாவில் வெளியிடப்பட்டது. நமக்கு வேண்டியது அதன் சிறிய வகையான ஜீரோ 2 டபிள்யூ. 65 மில்லிமீற்றர் நீளம், 30 மில்லிமீற்றர் அகலம். அதற்குள் புளூடூத், வைஃபை இரண்டும் உண்டு. கைப்பேசி இதை ஒரு ஸ்பீக்கராகக் கண்டு பாட்டை அனுப்பும். பை அதை வாங்கி ஒலியாக்கி, செட்டின் ஆக்ஸ் துளைக்குக் கொடுக்கும். ஆக்ஸ் என்பது வெளியிலிருந்து வரும் ஒலியைச் செட்டுக்குள் கொடுக்கும் துளை.

கடையில் சின்ன புளூடூத் ரிசீவர் மலிவாகக் கிடைக்கிறதே, பிறகு எதற்கு இவ்வளவு பாடு?

புளூடூத் மட்டும் போதும் என்றால் அந்த ரிசீவரையே வாங்குங்கள். பாதிப் பேருக்கு நான் கொடுக்கும் பதில் இதுதான்.

ஐபோனிலிருந்து ஏர்பிளே (வைஃபை மூலம் பாட்டு அனுப்பும் ஆப்பிளின் முறை) வழியாகக் கேட்க வேண்டும், பாட்டுகளை வண்டியிலேயே சேமித்து வைக்க வேண்டும், வீட்டில் நாலு பேருடைய கைப்பேசியும் சிக்கலில்லாமல் சேர வேண்டும் என்கிறவர்களுக்குத்தான் பை பொருந்தும். இன்னொரு நன்மை, ஒரு பகுதி பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். ரிசீவர் பழுதானால் எறிவதைத் தவிர வேறு வழியில்லை.

எந்த மொடல் வாங்குவது? புதிதாக வந்த 5 நல்லதா?

பாட்டுக்கு 5 தேவையே இல்லை. அதிக மின்சாரம் இழுக்கும், அதிகம் சூடாகும். அதில் ஒலித் துளையும் கிடையாது. 4 வகைக்கு உற்பத்தியாளர் சொல்லும் சுற்றுப்புற வெப்ப எல்லை 50 பாகை செல்சியஸ். ஜீரோ 2 டபிள்யூவுக்கு அது 70 பாகை. மூடிய காரை நம் வெயிலில் நிறுத்துகிறவருக்கு இந்த வித்தியாசம் பெரியது. ஏற்கெனவே வீட்டில் 3 வகை சும்மா கிடந்தால் அதையே பாவிக்கலாம், புதிதாகச் செலவழிக்க வேண்டாம்.

தம்பி, என் செட்டில் ஆக்ஸ் துளையைக் காணவில்லை. அப்படியென்றால் முடியாதா?

முன்பக்கத்தில் இல்லாவிட்டால் உள்ளே இருக்கலாம். ஜப்பானிய செட்கள் பலவற்றில் வீடியோவுக்கென்று ஓர் உள்வழி பின்னால் இருக்கும். அதற்குரிய வயரை மாட்டினால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என மூன்று முனைகள் கிடைக்கும். வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு, மஞ்சள் படத்துக்கு, அதை விட்டுவிடலாம். கசெட் செட் என்றால் கசெட் வடிவ அடாப்டர் போதும், ஒலியும் மோசமில்லை. இரண்டும் இல்லாதபோதுதான் பாட்டை வானொலி அலையாக்கிச் செட்டுக்கு அனுப்பும் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டரைப் பற்றி யோசிக்க வேண்டும்.

செட்டைக் கழற்ற வேண்டி வந்தால் ஓர் எச்சரிக்கை. பற்றரி வயரை எடுத்ததும் சில ஜப்பானிய செட்கள் வரைபட அட்டையையோ கடவு எண்ணையோ கேட்டுப் பூட்டிக்கொள்ளும். அட்டை கையில் இல்லையென்றால் பற்றரியையோ, செட்டுக்கு நிரந்தர மின்சாரம் தரும் பியூஸையோ தொடாதீர்கள். கராஜில் கொடுத்தாலும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் வாங்கினேன். செட்டில் 90க்கு மேல் எண் ஓடவே மாட்டேன் என்கிறது.

ஜப்பானில் எஃப்.எம். ஒலிபரப்பு 76 மெகாஹேர்ட்ஸில் தொடங்குகிறது. பழைய செட்கள் 90உடன் நின்றுவிடும். இலங்கையில் அது 88 முதல் 108 வரை. கடையில் விற்கும் டிரான்ஸ்மிட்டர்கள் பெரும்பாலும் 87.5 முதல் 108 வரை அனுப்புபவை. ஆகவே இரண்டுக்கும் பொதுவான இடம் 87.5க்கும் 90க்கும் இடைப்பட்ட சிறு துண்டுதான். அதற்குள் எந்த நிலையமும் கேட்காத எண் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள்.

அன்டனா வயரில் மாட்டும் பேண்ட் எக்ஸ்பாண்டரும் உண்டு. அது உள்ளூர் நிலையங்களைச் செட் பிடிக்கக்கூடிய எண்ணுக்கு இறக்கிக் கொடுக்கும். வானொலி கேட்பவருக்கு அது நல்லது. பாட்டின் தரத்துக்கு ஆக்ஸ் வயரை எதுவும் எட்டாது.

பையிலிருந்தே எஃப்.எம். அலையை அனுப்பலாம் என்று யூடியூப்பில் காட்டுகிறார்களே?

அனுப்ப முடியும், ஆனால் செய்யாதீர்கள். பையின் ஒரு காலில் (பலகை ஓரத்தில் வயர் இணைக்கும் முனை) வயர்த் துண்டைச் செருகி அனுப்பும் அந்த முறையில் வெளிவருவது சதுர அலை. நீங்கள் விரும்பிய எண்ணில் மட்டுமல்லாமல் அதன் மடங்குகளிலும் சேர்ந்தே பரவும். அவற்றைத் தடுக்கும் வடிகட்டி எதுவும் அங்கே இல்லை. சீனக்குடாவில் விமானத் தளம் இருக்கிற ஊர் இது. வானொலி அலைவரிசை என்பது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியுடன் பாவிக்க வேண்டியது.

ஜீரோ 2 டபிள்யூவில் ஹெட்போன் துளை இல்லை. வயரை எங்கே குத்துவது?

பையுடன் ஓர் ஒலிப் பலகையைச் சேர்க்க வேண்டும். பி.சி.எம். 5102 என்ற சிப் உள்ள சிறு பலகையையே நான் சிபாரிசு செய்வேன். அதன் வெளியீடு 2.1 வோல்ட், கார் செட்டின் ஆக்ஸுக்கு அளவாகப் பொருந்தும். மூன்று ஒலி வயர்கள் பையின் 12, 35, 40ஆம் கால்களுக்குப் போகும்; அவற்றுடன் 5 வோல்ட்டும் தரையும் (கிரவுண்ட் வயர்). மலிவான பலகைகளில் எஸ்.சி.கே. என்று எழுதிய ஒரு கால் தனியாக நிற்கும். அதைத் தரையுடன் சேர்த்து ஈயம் வைத்துவிடுங்கள். அதை விட்டுவிட்டு "பாட்டு வரவில்லை, கரகர என்கிறது" என்று பலகையையே குறை சொல்பவர்கள் நிறையப் பேர்.

ஈயம் வைக்கத் தெரியாதவர்கள் யூ.எஸ்.பி. ஒலி அட்டை வாங்கலாம். 3, 4 வகைகளில் ஒலித் துளை உண்டு, ஆனால் அதில் மெல்லிய இரைச்சல் இருக்கும். பழைய பாட்டுகளில் இசை தாழும் இடங்களில் அது நன்றாகவே கேட்கும்.

மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது? சிகரெட் லைட்டர் துளை போதாதா?

போதும். வயர் வெட்டப் பயப்படுபவர்கள் அங்கேயே தொடங்குங்கள். குறைந்தது 2.4 அம்பியர் தரக்கூடிய நல்ல சார்ஜரும், குட்டையான, தடித்த யூ.எஸ்.பி. வயரும் வேண்டும். மெல்லிய நீள வயரில் வோல்ட் விழும். பை இடையிடையே அணைந்து எழும்பும்.

நிரந்தரமாகப் பொருத்துகிறவர்கள் பியூஸ் பெட்டியில் இருந்து எடுக்கலாம். 12 வோல்ட் என்று சொன்னாலும் எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டுக்கு மேலும் போகும். பைக்கு வேண்டியதோ 5. இடையில் வோல்ட்டைக் குறைக்கும் பலகை ஒன்று தேவை. எல்.எம். 2596 சிப் உள்ளது எளிதாகக் கிடைக்கும். அதில் ஒரு சிறு பித்தளைத் திருகு உண்டு. கடையிலிருந்து வரும்போது அது எந்த வோல்ட்டில் நிற்கிறது என்று சொல்ல முடியாது. ஆகவே பையை இணைக்கும் முன் மல்டிமீட்டரை வைத்து, திருகை மெல்லத் திருப்பி 5.1 வோல்ட்டில் நிறுத்துங்கள். நின்றதும் திருகின் தலையில் ஒரு துளி நகப்பூச்சு வையுங்கள். குண்டும் குழியுமான வீதியில் எவ்வளவு குலுங்கினாலும் அசையாது.

எந்த வயர் என்று தேடும்போது நிறத்தை நம்பாதீர்கள். தனியாக வாங்கிப் பூட்டிய செட்களில் மஞ்சள் நிரந்தரம், சிவப்பு சாவியுடன் வருவது, கறுப்பு தரை. காருடன் வந்த செட்களில் அந்த ஒழுங்கு இருக்காது. ஹெட்லைட்டை அணைத்துவிட்டு, சாவியை ஏ.சி.சி. நிலைக்கு (எஞ்சின் ஓடாமல் செட் இயங்கும் நிலை) திருப்பியதும் பூச்சியத்திலிருந்து 12க்கு எழும்பும் வயர்தான் உங்களுக்கு வேண்டியது. எடுத்த இடத்துக்கு மிக அருகே 2 அம்பியர் பியூஸ் ஒன்று கட்டாயம். மஞ்சள் உறை, மஞ்சள் சொக்கெட் கண்டால் கையை எடுத்துவிடுங்கள், அது எயார்பேக்கின் வயராக இருக்கலாம்.

எங்களுடையது கோயில் யாத்திரை ஓடும் பஸ். அதிலும் இதே பலகையா?

பெரிய பஸ்களிலும் லொறிகளிலும் 24 வோல்ட். ஓடும்போது 28 வரை போகும். எல்.எம். 2596 பலகை 40 வோல்ட் வரை தாங்கும். ஆனால் விரல்நுனி அளவான சின்னப் பலகைகள் பல 23 வோல்ட்டுடன் சரி, உடனே புகைந்துவிடும். பஸ்ஸுக்கு 9 முதல் 36 வோல்ட் வரை என்று எழுதிய, வாகனத்துக்கென்றே செய்த மூடிய வகையை வாங்குங்கள். நீண்ட தூரம் ஆட்களை ஏற்றிச் செல்லும் வாகனத்தில் இதற்குச் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

ஹைபிரிட் காரில் கை வைக்கலாமா? அக்வா வைத்திருக்கிறேன்.

ஹைபிரிட்டிலும் செட்டுக்குப் போவது சாதாரண 12 வோல்ட்தான். முந்தைய கேள்விகளில் சொன்னது அப்படியே பொருந்தும். செம்மஞ்சள் நிற வயர்கள் உயர் அழுத்தத்துக்குரியவை, உயிருக்கு ஆபத்தானவை. அவற்றின் பக்கம் போகவே கூடாது. டாஷ்போர்ட்டுக்குள் மட்டும் வேலை செய்தால் அவற்றைச் சந்திக்க வேண்டி வராது.

சாவியை எடுத்ததும் பை சட்டென்று அணைகிறது. இரண்டு கிழமையில் அட்டை பழுதாகிவிட்டது. ஏன்?

பை எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் மெமரி அட்டையில் உள்ள கோப்பு பாதியில் நிற்கும். அது திரும்பத் திரும்ப நடந்தால் ஒருநாள் எழும்பவே எழும்பாது.

இதற்கு நல்ல தீர்வு, அட்டையில் எழுதுவதையே நிறுத்துவது. ராஸ்பி-கான்ஃபிக் அமைப்புக்குள் ஓவர்லே என்றொரு வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் எழுதுவதெல்லாம் தற்காலிக நினைவகத்துக்குப் போகும். அட்டையை வாசிப்பது மட்டும் நடக்கும். சாவியை எந்த நிமிடத்தில் எடுத்தாலும் கவலையில்லை. எல்லா அமைப்பையும் முடித்து, பாட்டு ஒழுங்காக வருகிறது என்று உறுதியான பிறகே இதைப் போடுங்கள்.

அதைப் போட்டேன். இப்போது தங்கச்சியின் கைப்பேசியை இணைத்தால் மறுநாள் மறந்துவிடுகிறது.

மேலே சொன்னதன் தொடர்ச்சிதான். எந்தக் கைப்பேசி இணைந்தது என்ற குறிப்பும் தற்காலிக நினைவகத்துக்கே போய், சாவியை எடுத்ததும் அழிந்துவிடுகிறது. ஓவர்லேயை நீக்கி, மறுபடி எழுப்பி, வீட்டில் உள்ள எல்லாக் கைப்பேசிகளையும் ஒரே தடவையில் இணைத்துவிட்டு, திரும்பவும் போடுங்கள். அடிக்கடி புதியவர்கள் ஏறும் வாடகை வான் என்றால், புளூடூத் குறிப்புகள் இருக்கும் அடைவை மட்டும் அட்டையில் எழுதக்கூடிய ஒரு தனிப் பகுதிக்கு மாற்றலாம். பையில் ஓடும் இயங்குதளமான லினக்ஸ் பழகியவருக்கு அது கடினமில்லை.

எப்போதும் மின்சாரம் இருக்கிற வயரில் கொடுத்தால் இந்தத் தொல்லையே இல்லையே?

பற்றரி இறங்கும். பையும் ஒலிப் பலகையும் குறைக்கும் பலகையும் சேர்ந்து சும்மா இருக்கும்போது ஒரு வாட் எடுக்கிறது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 2 அம்பியர் மணி போய்விடும். சிறு காரின் 35 அம்பியர் மணிப் பற்றரி ஒன்பது நாளில் பாதியாகும். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்களுக்காக மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் கார்கள் நம் ஊரில் நிறைய. சாவியுடன் வரும் வயரே சரி.

அந்த வயரில் ஒரு சிறு குறை உண்டு. ஸ்டார்ட் பண்ணும் கணத்தில் பல வாகனங்களில் ஏ.சி.சி. மின்சாரம் துண்டிக்கப்படும்; பை மீண்டும் முதலிலிருந்து எழும்பும். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிய பிறகு பாட்டைத் தொடங்குங்கள், அவ்வளவுதான்.

எந்த மென்பொருள் போடுவது? எனக்கு லினக்ஸ் தெரியாது.

திரை தேவையில்லாத ராஸ்பெரி பை ஓ.எஸ். லைட், அதன் மேல் புளூடூத்துக்குப் புளூ-அல்சா, ஏர்பிளேக்கு ஷேர்போர்ட் சிங்க். மூன்றும் இலவசம். கட்டளை எழுதத் தயங்குபவர்களுக்கு மூட் ஆடியோ என்ற ஆயத்த அமைப்பு இருக்கிறது. புளூடூத், ஏர்பிளே, ஸ்பொட்டிஃபை எல்லாவற்றையும் கைப்பேசி உலாவியிலேயே தட்டிப் போடலாம். ஸ்பொட்டிஃபைக்கு இந்த வழியில் கட்டணச் சந்தா வேண்டும்.

வண்டியின் பெயரைத் தமிழிலேயே வையுங்கள். புளூடூத் பட்டியலில் தமிழ் எழுத்தில் அழகாகத் தெரியும்.

அக்சிலேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் "ஙொய்" என்று சத்தம் ஏறுகிறது. ஒலிப் பலகை கெட்டதா?

பலகையில் பிழையில்லை. பை ஓரிடத்தில் தரை எடுக்கிறது, செட் வேறிடத்தில் எடுக்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள சிறு வோல்ட் வித்தியாசம் ஆக்ஸ் வயர் வழியாக ஒலிக்குள் புகுகிறது. எஞ்சினின் வேகத்தோடு சத்தம் ஏறி இறங்கினால் அது பற்றரியைச் சார்ஜ் பண்ணும் ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது.

உறுதிப்படுத்த எளிய வழி: பையைப் பவர் பேங்கில் ஓடவிடுங்கள். சத்தம் மறைந்தால் சந்தேகமே இல்லை. முதலில் பையின் தரை வயரைச் செட்டின் தரை வயர் இருக்கும் அதே இடத்தில் பூட்டிப் பாருங்கள். பல வண்டிகளில் அதுவே போதும். போகாவிட்டால் ஆக்ஸ் வயரின் இடையில் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் மாட்டுங்கள். உள்ளே சிறு டிரான்ஸ்ஃபோர்மர்கள் இருக்கும், ஒலியை மட்டும் கடத்தும். மிக மலிவானவற்றில் பாஸ் (தாழ்ந்த ஒலி) கொஞ்சம் மெலியும்.

ஒரே சீராக "உஸ்" என்று கேட்டால் அது வேறு. கைப்பேசியின் ஒலியை முழுதாக வைத்து, செட்டின் ஒலியைக் குறைத்துக் கேளுங்கள். அநேகமாக அதோடு தீரும்.

புளூடூத் பாட்டு விக்கி விக்கி வருகிறது. கைப்பேசியோ பக்கத்தில்தான் இருக்கிறது.

இந்தச் சின்னப் பையில் வைஃபையும் புளூடூத்தும் ஒரே சிப், ஒரே அன்டனா, இரண்டும் 2.4 கிகாஹேர்ட்ஸில்தான் பேசுகின்றன. வைஃபை எதையாவது தேடிக்கொண்டிருந்தால் புளூடூத்துக்கு நேரம் குறையும். புளூடூத் மட்டும் பாவிப்பவர்கள் வைஃபையை அணைத்துவிடுங்கள். இரண்டும் வேண்டும் என்றால் யூ.எஸ்.பி. புளூடூத் துண்டு ஒன்றைத் தனியாகச் செருகுவது நிரந்தரத் தீர்வு. பை இரும்புப் பெட்டிக்குள் இருந்தாலும் இப்படித்தான் விக்கும். பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றுங்கள்.

ஏர்பிளேக்காகப் பையின் வைஃபையில் சேர்ந்தால் ஐபோனில் இணையம் போய்விடுகிறது. பாட்டை எங்கிருந்து எடுப்பது?

பை தரும் வைஃபையில் இணையம் இல்லை. ஆனால் கைப்பேசிக்கு முகவரி கொடுக்கும்போது "வெளியே போகும் வழி நான்தான்" என்றும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. கைப்பேசி அதை நம்பி மொபைல் டேட்டாவை விட்டுவிடுகிறது. முகவரி வழங்கும் மென்பொருளில் அந்த வழிக்குறிப்பை வெறுமையாக அனுப்பும்படி அமையுங்கள். அதன் பிறகு ஐபோன் ஏர்பிளேயைப் பைக்கும், இணையத்தை மொபைல் டேட்டாவுக்கும் பிரித்துக்கொள்ளும்.

அழைப்பு வந்தால் குரலும் ஸ்பீக்கரில் வருமா?

நான் சொன்ன அமைப்பில் பாட்டு நிற்கும், அழைப்பு கைப்பேசியிலேயே கேட்கும். சில மென்பொருள்கள் "நான் அழைப்பும் எடுப்பேன்" என்று அறிவித்துவிடும். அப்போது மறுமுனைக்கு உங்கள் குரல் போகாது, ஏனென்றால் பையில் மைக் இல்லை. அந்த அறிவிப்பை அணைத்துவிடுங்கள். ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் பிடிப்பது குற்றம் என்பதையும் மறக்க வேண்டாம். ஓரமாக நிறுத்திப் பேசுங்கள்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நின்றபோது யாரோ என் வண்டியில் பாட்டுப் போட்டுவிட்டார்கள்!

இரகசிய எண் கேட்காமல் இணையும்படி பை அமைக்கப்பட்டிருக்கிறது. எப்போதும் மற்றவர் கண்ணுக்குத் தெரியும்படியும் இருக்கிறது. உங்கள் கைப்பேசிகள் இணைந்த பிறகு அந்தத் தெரியும் நிலையை அணைத்துவிட்டால் போதும். பழகிய கைப்பேசிகள் வழக்கம்போலச் சேரும், புதியவருக்குப் பட்டியலில் தெரியாது. அழுத்தினால் இரண்டு நிமிடம் மட்டும் தெரியும்படி சின்ன பட்டன் ஒன்றையும் பையில் பூட்டலாம்.

நிலாவெளிக் கடற்கரையில் வெயிலில் நிறுத்துவேன். தாங்குமா?

டாஷ்போர்ட்டின் மேல் வைத்தால் தாங்காது. கச்சான் வீசும் மாதங்களில் கண்ணாடி மூடிய வண்டிக்குள் வெயில் நேரே படும் இடம் எந்த மின்னணுப் பொருளுக்கும் உகந்ததல்ல. கிளவ் பெட்டிக்குப் பின்னாலோ சீற்றின் கீழோ நிழலில் வையுங்கள். ஏ.சி. காற்று போகும் குழாய்க்கு அருகே இடம் கிடைத்தால் மிக நல்லது.

வெயிலைவிட நான் அஞ்சுவது உப்புக் காற்றை. உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் ஓடும் வண்டிகளில் செருகிய முனைகள் பச்சை பூத்துவிடும். பாட்டு ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் வரத் தொடங்கும். செருகும் வயர்களுக்குப் பதிலாக ஈயம் வைத்து, பலகைக்கு மெல்லிய காப்புப் பூச்சு அடியுங்கள். ஆக்ஸ் முனையை அவ்வப்போது கழற்றித் துடையுங்கள்.

கொழும்புக்குப் போகும்போது காட்டு வழியில் சிக்னல் மெலிகிறது. பாட்டு நின்றுவிடுமா?

இணையத்திலிருந்து வரும் பாட்டு நிற்கும், புளூடூத் நிற்காது. கைப்பேசியில் முன்கூட்டியே இறக்கி வைத்தவை தொடர்ந்து வரும். இன்னும் வசதியாக வேண்டுமென்றால் யூ.எஸ்.பி. துண்டில் பாட்டுகளைப் போட்டுப் பையில் செருகுங்கள். மூட் ஆடியோ அதைத் தானே தேடி அடுக்கிக்கொள்ளும்.

கந்தளாய் தாண்டி ஹபரணை வரை மாலையில் போகிறவர்கள் ஒலியைக் குறைத்து, கண்ணாடியைச் சற்று இறக்கி வையுங்கள். யானை வீதிக்கு வரும் இடம் அது. முன்னால் நிற்கும் வண்டியின் ஹோர்ன் உங்களுக்குக் கேட்க வேண்டும்.

பின் சீற்றுப் பிள்ளைகள் கைப்பேசியில் படம் பார்க்கிறார்கள். உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். சரிசெய்ய முடியுமா?

புளூடூத்தில் ஒலி சிறிது பிந்தித்தான் வரும். நொடியின் ஒரு பங்கு என்றாலும் உதட்டைப் பார்க்கும்போது தெரியும். யூடியூப் போன்ற செயலிகள் பல இந்தத் தாமதத்தைக் கணக்கிட்டுப் படத்தையும் பிந்தவைக்கும். அப்படிச் செய்யாத செயலிகளில், ஒலியை முன்னே பின்னே நகர்த்தும் வசதி உள்ள வீடியோ பிளேயரில் படத்தைத் திறந்து, குரல் பொருந்தும்வரை ஒலியை முன்னே நகர்த்துங்கள். ஏர்பிளேயில் தாமதம் இன்னும் அதிகம். ஆகவே படத்துக்குப் புளூடூத், பாட்டுக்கு ஏர்பிளே என்று பிரித்துக்கொள்ளுங்கள்.